தொடாத இறகு

அது ஒரு வெள்ளைக் கோழியிறகு. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பிடித்துக்கொள்ள வாகாக அடித்தண்டில் நூல் சுற்றியிருக்கும். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் கன்னியர் மடத்துச் சிஸ்டர் அதைத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்திருப்பார். மடத்துக் கோழி உதிர்த்தது. நுனி நைந்துபோனால் இன்னொன்று வரும். வாயால் ஊதினால் பறந்துவிடும் அந்தத் துரும்புக்கு நான் பயந்ததுபோல் பாம்புக்குக்கூடப் பயந்ததில்லை. இப்போது எழுபது தாண்டிவிட்டது. கோழி உரித்துக் கிடக்கும் கடைப் பக்கம் போனால் இன்றைக்கும் கண் முதலில் இறகைத்தான் தேடுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு பொட்டலில், கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று நடத்தினார்கள். பெருவியாதிக்காரர்களுக்கான ஆஸ்பத்திரி. தொழுநோய் என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெயரைச் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ‘அந்த ஆஸ்பத்திரி’ என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நான் அங்கே கார்டு எழுதவும் கட்டுப்போடவும் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா மர ஆசாரி. பெரிய வீடுகளில் கதவும் நிலையும் பழுது பார்ப்பவர். அக்கம்பக்கத்தில் என்னை ‘மடத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். சேலையை அங்கேயே அவிழ்த்து ஊறப்போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்படிப் பக்கம் வரலாம். சேர்ந்த இரண்டாவது வாரத்தில் என் தட்டும் டம்ளரும் தனியாக ஒரு மாடத்துக்குப் போயிருந்தன.

சனிக்கிழமைதான் எங்களுக்குப் பெரிய நாள். விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். சாலையோரம் இருந்த வேப்பமரத்தடியில், மணலில், காலை நீட்டி வரிசையாக உட்காருவார்கள். கம்பவுண்டர் இறகோடு ஒவ்வொருவராகப் பார்த்து வருவார். அவரும் ஒரு காலத்தில் அங்கே நோயாளியாக வந்தவர்தான். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இறகின் நுனி தோலில் பட்டதும், பட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். காட்டினால் அங்கே உணர்ச்சி இருக்கிறது. காட்டாவிட்டால் நான் கார்டில் வரைந்திருக்கும் மனித உருவத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் கருக்க வேண்டும்.

அந்தப் பென்சிலுக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். கருப்பு விழுந்துவிட்டால் எப்படியாவது அது ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். தெரிந்துவிட்டால் ஊர்க் கிணற்றில் வாளி போட முடியாது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். அதனால் பொய் சொல்வார்கள். இமையை ஒரு நூல் திறந்து, இறகு எங்குட்டுப் போகிறது என்று பார்த்துக் காட்டுவார்கள். உத்தேசமாக ஓர் இடத்தில் விரலை வைத்து, “தெரியுதுய்யா, நல்லாத் தெரியுது” என்பார்கள். அதற்கு எங்களிடம் ஓர் எதிர்வித்தை இருந்தது. இறகைக் கொண்டே போகாமல் சும்மா, “இப்பத் தெரியுதா?” என்று கேட்பது. பொய் சொல்பவர் உடனே காட்டிவிடுவார், அகப்பட்டுக்கொள்வார்.

எனக்கு அந்த வித்தை மிகவும் பிடித்துப்போயிற்று. வயது இருபத்தொன்று, நாக்கு ஒரு முழம். காளையார்கோவில் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், நாற்று நடும் வேலைக்காரி, பாதத்தில் தொடாத இடத்தை மூன்று தடவை காட்டினாள். “ஏங்க்கா, காத்துல பறக்குற இறகுகூட ஒங்களுக்கு ஒறைக்குதோ?” என்று வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அவள் சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சிஸ்டருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சிவகங்கைப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் கோபித்துக்கொண்டு மடத்துக்கு வந்தவர் என்பார்கள். கோபம் அவரிடம் மீதமும் இருந்தது. கட்டுத்துணியைச் சரியாக அவிக்காமல் வைத்துவிட்டால் என்னைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சிவிடுவார். பாட்டுச் சகிக்காது. புண்ணிலிருந்து புழுவை இடுக்கியால் எடுக்கும்போது முகம் சுளிக்காதவர், தெருநாய் குரைத்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். அவரிடம் எனக்கு எரிச்சலூட்டிய பழக்கம் ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவரும் அந்த வரிசையின் கடைசியில் போய் உட்காருவார். அங்கியைக் கணுக்கால் வரை சுருட்டிக்கொண்டு, மணலில் காலை நீட்டி, தன் முறை வரும்வரை வெயிலில் காத்திருப்பார். “சிஸ்டர், இங்குட்டு நிழலுக்கு வாங்க” என்று யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கம்பவுண்டர் சிரிக்காமல், “கண்ணை மூடுங்க” என்பார். அவர் மூடுவார். இறகு பட்ட இடத்தையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் காட்டுவார். இல்லாத நோய்க்கு எதற்கு இந்த வேஷம் என்று நினைப்பேன். பணிவைச் சொல்லும் ‘தாழ்ச்சி’ என்ற சொல் மடத்தில் அடிக்கடி காதில் விழும். இதுதான் தாழ்ச்சி போலிருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கார்டு எழுதுவேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போதுதான் என் இடது முழங்கைக்குக் கீழே அதைப் பார்த்தேன். நாலணா அளவு. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தது. தேமல் என்று சொல்லிக்கொண்டேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பிள்ளையார்பட்டிக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். பதினைந்து நாள் கழித்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு குண்டூசியை எடுத்து அந்த வட்டத்துக்குள் குத்தினேன். ரத்தம் ஒரு கடுகளவு வந்தது. வலி வரவில்லை. என் கையைப் பார்த்து நானே பின்னால் நகர்ந்தது நினைவிருக்கிறது. கையை விட்டு எங்கே நகர்வது? எத்தனையோ பேருடைய கார்டில் நான் கருக்கிய இடம் என் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த ஆவணியில்தான் சிங்கம்புணரியிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை வீடு நகைவேலை செய்யும் குடும்பம். புரட்டாசி போகட்டும் என்று காத்திருந்து, ஐப்பசி பிறந்ததும் தட்டு மாற்றினார்கள். தையில் கல்யாணம். வீட்டில் அப்பா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். நான் முழங்கை மறைய ரவிக்கை தைத்துக்கொண்டேன். தினமும் காலையில் குண்டூசி. இன்றைக்கு வலிக்கும், இன்றைக்கு வலிக்கும் என்று குத்துவேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? எனக்குக் கையிலேயே கனம் இருந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆள் என் கையைப் பார்த்தால் வியர்த்தது. அம்மா என் தட்டை எடுத்தால் வியர்த்தது. தங்கச்சியைத் தொட்டுத் தலை பின்னிவிடுவதை நிறுத்தினேன். “கல்யாணம் நிச்சயமானதும் இவளுக்கு ராங்கி வந்துருச்சு” என்று அவள் அழுதாள்.

கார்த்திகையில் ஒருநாள் ஸ்டவ்வில் ஊசிகளை அவித்துக்கொண்டிருந்தேன். பிறகு உட்கார்ந்து கட்டுத்துணி மடித்தேன். சிஸ்டர் துணியை வாங்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரவிக்கைக் கை சுருண்டு ஏறியிருந்தது. முழங்கைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கொப்புளம். பாத்திரத்தின் விளிம்பு பட்டிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

“இது எப்பச் சுட்டுச்சு?”

“இப்பத்தான் சிஸ்டர்.”

“வலிக்கலையா?”

“வலிச்சுச்சு. நல்லா வலிச்சுச்சு.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். செபப் புத்தகத்தைத் திறந்து இறகை எடுத்தார். கண்ணை மூடச் சொன்னார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. “தெரியுதா?” என்றார். தெரியுது என்று கொப்புளத்துக்குப் பக்கத்தில் விரல் வைத்தேன். மறுபடி, “தெரியுதா?” தெரியுது. மூன்றாவது முறையும் கேட்டார். “தெரியுது சிஸ்டர், இங்ஙனதான்” என்று அழுத்திக் காட்டினேன். அதன்பின் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். இறகு புத்தகத்தின் மேல் கிடந்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார்.

“நான் ஒரு தடவகூடத் தொடல ஆத்தா” என்றார்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். ஊரையெல்லாம் நான் பிடித்த அதே பொறியில், வழி தெரிந்த எலி நானே போய் விழுந்தேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். தை மாதம் கல்யாணம் என்றேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், கார்டு போட வேண்டாம், மாத்திரையை மட்டும் கொடுங்கள், ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன் என்று என்னென்னவோ கெஞ்சினேன். பயப்படாதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மொதச் சனிக்கெழம நான் வரிசையில உக்கார்றேனே, அது எதுக்குன்னு நெனச்ச?”

“தாழ்ச்சிக்கு.”

“தாழ்ச்சியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பயம்” என்றார். “இங்க வந்த நாள்லருந்து பயம். படுத்தாக் காலைத் தடவித் தடவிப் பாப்பேன். ரூமைச் சாத்திக்கிட்டு நானே இறகால தொட்டுப் பாப்பேன். அங்ஙனயும் எனக்கு நானே பொய் சொல்லிக்கிட்டேன் பிள்ள. தனியா இருந்து பயந்தா அது ஆளைத் தின்னுரும்போல இருந்துச்சு. ஒருநாளு தாங்க மாட்டாம அவுக பக்கத்துல போயி உக்காந்தேன். பயம் போகல. நடுக்கம் நின்னுச்சு.”

இறகை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தார். பிறகு, “சிலுவையில அறையுறதுக்கு மொத நாள் ராத்திரி, சேசுவே ஒலிவத் தோப்புல பயந்து வேர்த்தாரு. என்னயக் காப்பாத்துங்கன்னு சீடங்ககிட்டக் கேக்கல. செத்த நேரம் எங்கூட முழிச்சு இருங்கன்னுதான் கேட்டாரு. அவுக தூங்கிட்டாக” என்றார்.

நான் சேசுவையும் அறியாதவள், தோப்பையும் அறியாதவள். ஆனால் இரண்டு வருடமாக வேஷம் என்று நான் உதடு பிதுக்கியது ஒரு பெண்ணின் பயம் என்று தெரிந்தபோது, வெட்கத்தில் அழுகை நின்றுவிட்டது. ஏழை எளியவரோடு சரிசமமாக உட்காருவது பெரிய மனசு என்று நாம் நினைக்கிறோம். அவர் பெரிய மனசோடு இறங்கி வந்து அங்கே உட்காரவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்தார். பிறகு அதை மறைக்கவும் இல்லை. புண்ணைத் தொடுவதைவிட அது கடினம் என்று இப்போது எனக்குப் படுகிறது.

அடுத்த சனிக்கிழமை நான் கார்டுக் கட்டை மேசையில் வைத்துவிட்டு வரிசைக்குப் போனேன். போனேன் என்று எழுதுவது எளிது. வேப்பமரத்துக்கும் சாலைக்கும் இடையில் வேலிகூடக் கிடையாது. காரைக்குடி பஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். எந்த ஜன்னலில் எந்தச் சொந்தக்காரர் இருப்பாரோ என்று முந்தானையால் முகத்தை மூடினேன். காளையார்கோவில்காரி என்னைப் பார்த்தாள். நான் ஊரறியக் கேலி செய்த அதே பெண். மணலைப் புறங்கையால் தள்ளிச் சமன் செய்து, “இங்குட்டு வா தாயி” என்றாள். உட்கார்ந்தேன். அன்றைக்கு முதல் சனிக்கிழமை இல்லை. இருந்தும் சிஸ்டர் வந்து என் மறுபக்கம் உட்கார்ந்து அங்கியைச் சுருட்டிக்கொண்டார்.

கம்பவுண்டர் என் முன்னால் குந்தினார். “கண்ணை மூடு தாயி.” இருட்டில் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. காளையார்கோவில்காரி என் காதோரம், “இடுக்கிப் பாக்கக் கூடாது, ஆமா” என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. “தெரியுதா?” என்றார் கம்பவுண்டர். தெரியுது என்ற சொல் பழக்கத்தில் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பஸ் எங்களைக் கடந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“தெரியல” என்றேன்.

என் கார்டைச் சிஸ்டரே எழுதினார். மாதம் ஒருமுறை வரும் டாக்டர் பார்த்துவிட்டு, ஆரம்பம்தான், மாத்திரையில் நின்றுவிடும், யாருக்கும் ஒட்டாது என்றார். வீட்டில் சொன்னேன். அம்மா, “கை நீளமாத் தச்சுப் போட்டுக்க. மூணு முடிச்சு விழுகட்டும், பெறகு பாத்துக்கலாம்” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் பயம்தான். அப்பா என் கையை வாங்கி அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்த வீட்டில் அந்த இடத்தை முதலில் தொட்டவர் அவர்தான். மறுநாள் சிங்கம்புணரிக்கு முதல் பஸ்ஸில் போய், உள்ளதைச் சொல்லி, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வருடம் எங்கள் வீட்டுக்கு யாரும் பத்திரிகை வைக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது மாத்திரையெல்லாம் முடிந்து பல வருடம் கழித்து. பார்க்க வந்தவரிடம் காப்பி கொடுப்பதற்கு முன்பே கையைக் காட்டினேன். அவர் காப்பியைக் குடித்தார்.

சிஸ்டரை எழுபதுகளின் கடைசியில் வேறு மடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இறந்த செய்தி தாமதமாகத்தான் வந்தது. அவருக்குக் கடைசிவரை அந்த நோய் வரவில்லை. அந்தப் பயம் போயிற்றா என்று கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன், எழுதவில்லை.

போன மாதம் சர்க்கரைக்குக் கால் பார்க்கிறார்கள் என்று காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடைபாதையில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் பெண், பேனா போன்ற ஒன்றின் முனையில் நைலான் நரம்பு வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பாதமாகப் பார்த்து வந்தாள். என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு தவிர ஒன்றுமில்லை. என் பக்கம் சாய்ந்து, “எங்க தொட்டாலும் தெரியுதுன்னு சொல்லிருங்கக்கா. இல்லாட்டி வெரலை எடுத்துருவாக. எங்க வீட்டுக்காரருக்கு அப்பிடித்தான் எடுத்தாக” என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

நர்ஸ் என்னிடம் வந்தாள். “கண்ணை மூடுங்கம்மா.” மூடினேன். ஐம்பது வருடம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அதே நெஞ்சடிப்பு, அதே வியர்வை. நரம்பு பட்டதா படவில்லையா என்று பாதம் முழுக்கத் தேடினேன். “தெரியுதாம்மா?” என்றாள்.

“தெரியல தாயி” என்றேன், வரிசைக்கே கேட்கிற மாதிரி.

அவள் எதையோ குறித்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்க உள்ளே போகலாம் என்றாள். எழுந்து செருப்பை மாட்டினேன். பக்கத்துப் பெண்ணின் முறை. அவள் கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“என்னக்கா, ஒங்களுக்குத்தான் முடிஞ்சிருச்சே, போகலையா?” என்றாள்.

“பயமா இருக்கு” என்றேன். “செத்த ஒங்ககூட உக்காந்துக்கிறேன்.”